ஊகோ சான்செஸ்: பந்தை ஒரே முறை தொட்டவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊகோ சான்செஸ் யார்?

மெக்சிகோ நாட்டில் பிறந்த கால்பந்து முன்கள வீரர்களில் மிகச் சிறந்தவர் யார் என்ற கேள்வி எழும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் பெயர் இவருடையதுதான். 1958 ஜூலை 11 அன்று மெக்சிகோ நகரில் பிறந்தவர். ஸ்பெயினின் முதல் நிலை லீக்கில் 347 ஆட்டங்களில் 234 கோல்கள் அடித்தவர். அந்த லீக்கில் ஒரு பருவத்தில் அதிகக் கோல் அடித்தவருக்கு வழங்கப்படும் பிச்சிச்சி விருதை ஐந்து முறை பெற்றவர். ரியல் மாட்ரிட் அணி 1986 முதல் 1990 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்களை வென்றபோது அதன் கோல்களில் பெரும்பங்கு இவருடைய காலிலிருந்தும் தலையிலிருந்தும் வந்தது. மெஸ்ஸியும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் கடந்து செல்லும் வரை, ஸ்பெயின் லீக்கில் அதிகக் கோல் அடித்த வெளிநாட்டவர் என்ற இடம் இவரிடமே இருந்தது. கால்பந்தின் மன்னன் பெலே 2004-இல், அப்போது உயிரோடிருந்த மாபெரும் வீரர்களைத் தேர்ந்து வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்ற ஒரே மெக்சிகோ வீரரும் இவர்தான்.

பெயரை ‘ஹியூகோ’ என்று சொல்வதா, ‘ஊகோ’ என்று சொல்வதா?

ஸ்பானிய மொழியில் சொல்லின் முதலில் வரும் ‘H’ எழுத்து ஒலிப்பதில்லை. ஆகவே ‘ஊகோ’ என்பதே அவருடைய ஊரில் வழங்கும் ஒலி. ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றித் தமிழ் நாளிதழ்கள் ‘ஹியூகோ’ என்று எழுதுவதுண்டு. மெக்சிகோ ரசிகர்கள் அவர் பெயரையும் ‘கோல்’ என்ற சொல்லையும் இணைத்து ‘ஊகோல்’ என்று அழைத்தார்கள். ஐந்து பிச்சிச்சி விருதுகளுக்குப் பிறகு ‘பென்டாபிச்சிச்சி’ என்ற பட்டப்பெயரும் சேர்ந்துகொண்டது.

அவர் பல் மருத்துவம் படித்தவர் என்பது உண்மையா?

உண்மை. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். பூமாஸ் என்ற அணி அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியாக இருந்ததால், படிப்பும் ஆட்டமும் ஒரே வளாகத்தைச் சுற்றியே அமைந்தன. தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்ட ஒருவர் படிப்பைக் கைவிடாமல் முடித்தார் என்பது, பின்னாளில் அவர் தம் ஆட்டத்தை எப்படி ஒழுங்குபடுத்திக்கொண்டார் என்பதற்கு முன்னறிகுறி போலவே எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டு அவருக்குக் குடும்ப வழியாக வந்ததா?

ஆம். தந்தை எக்தோர் சான்செஸ் தாமே கால்பந்து வீரர். சகோதரி எர்லிந்தா ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக் போட்டிக்கு இருவரும் ஒரே நாட்டின் சார்பில் சென்றார்கள். அவர் ஜிம்னாஸ்டிக் அரங்குக்கு, இவர் கால்பந்துத் திடலுக்கு. கோல் அடித்த ஒவ்வொரு முறையும் ஊகோ அடித்த குட்டிக்கரணம் இந்தச் சகோதரியிடமிருந்து கற்றது. அதைப் பார்த்துத்தான் பல நாட்டுச் சிறுவர்கள் அவரை நினைவில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஜிம்னாஸ்டிக் பழக்கத்தின் மெய்யான பயன் கொண்டாட்டத்தில் இல்லை, காற்றில் உடலை நிலைப்படுத்திக்கொள்ளும் திறனில் இருந்தது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

தொழில்முறை வாழ்க்கை எங்கே தொடங்கியது?

1976-இல் பூமாஸ் அணியில். 1976–77 பருவத்திலேயே அந்த அணி தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. அணியின் முன்களத்தில் அப்போது தலைமை நிலையில் இருந்தவர் பிரேசிலைச் சேர்ந்த காபின்யோ. மெக்சிகோ லீக் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்தவர் அவர். அப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் நின்று தொழில் கற்றுக்கொண்டதை இளைஞர் ஊகோவின் நற்பேறு என்றே சொல்ல வேண்டும். 1978–79 பருவத்தில் இருவரும் தலா 26 கோல்கள் அடித்து, லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் என்ற இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆசானும் மாணவரும் ஒரே படியில் நின்ற ஆண்டு அது. அணிக்குப் பயிற்சியளித்தவர் போரா மிலுதினோவிச். 1986 உலகக் கோப்பையில் மெக்சிகோ அணியை வழிநடத்தியவரும் இவரே. 1980-இல் வட, மத்திய அமெரிக்கக் கண்டத்தின் கழகக் கோப்பையும் 1980–81-இல் மற்றொரு லீக் பட்டமும் கிடைத்தன. இடையில் 1979, 1980 ஆண்டுகளின் கோடைக் காலங்களில் அமெரிக்காவின் சான் டியாகோ சாக்கர்ஸ் அணிக்கு இரவலாகச் சென்று விளையாடினார்.

ஸ்பெயினுக்குச் சென்றதும் உடனே வெற்றி கிடைத்ததா?

இல்லை. அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் பேசப்பட வேண்டிய பகுதி இதுதான். 1981-இல் அட்லெடிகோ மாட்ரிட் அணியில் சேர்ந்தபோது, மெக்சிகோவிலிருந்து வரும் ஓர் ஆட்டக்காரரை ஐரோப்பியத் தரத்துக்கு உரியவராக ஏற்க ஸ்பெயினில் பெரும்பாலோர் தயாராக இல்லை. முதல் பருவத்தில் லீக்கில் 8 கோல்கள். அடுத்த பருவத்தில் 15, அதற்கடுத்து 12. எதிரணி ரசிகர்கள் ‘இந்தியோ’ என்று, அதாவது பழங்குடியினத்தவர் என்ற பொருளில், இழிவாகக் கூச்சலிட்டார்கள். அந்த வசை அவர் புகழின் உச்சியில் இருந்தபோதும் திடலுக்குத் திடல் தொடர்ந்தது. அதை அவர் குனிந்து ஏற்றுக்கொள்ளவில்லை. கூச்சல் வந்த திசையைப் பார்த்துப் பதில் சைகை காட்டுவதும் உண்டு. அதனால் திமிர் பிடித்தவர் என்ற பெயரும் வந்தது. பிறந்த மண்ணைச் சொல்லி ஒருவரை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து இகழும்போது, இகழப்பட்டவரின் பணிவை எடைபோடுவது நியாயமாகாது என்பதே என் கருத்து.

லூயிஸ் அரகோனெஸ் பயிற்சியளித்த அந்த அணியில் நான்காம் பருவமான 1984–85-இல் 19 கோல்கள் அடித்து முதல் பிச்சிச்சி விருதைப் பெற்றார். அதே ஆண்டு, ஸ்பெயின் அணிகளுக்கான வெளியேற்றுமுறைப் போட்டியான அரசர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அத்லெதிக் பில்பாவோ அணியை அட்லெடிகோ 2–1 என்று வென்றது. இரண்டு கோல்களும் ஊகோ அடித்தவை. நான்கு ஆண்டுகளில் மொத்தம் 111 லீக் ஆட்டங்களில் 54 கோல்கள்.

பிறகு எதிரி அணியான ரியல் மாட்ரிடுக்கு எப்படிப் போனார்?

ஒரே நகரின் இரு அணிகளுக்கு இடையே உச்சநிலை ஆட்டக்காரரை நேராக விற்பது அட்லெடிகோ ரசிகர்களைக் கொதிக்கச் செய்திருக்கும். ஆகவே 1985-இல் ஊகோ முதலில் தம் பழைய அணியான பூமாஸுக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து ரியல் மாட்ரிடுக்குப் போனார். காகிதத்தில் அவர் மெக்சிகோ சுற்றி வந்தார். உண்மையில் மாட்ரிட் நகரின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறினார். அட்லெடிகோ ரசிகர்கள் இதை எளிதில் மன்னிக்கவில்லை.

பிச்சிச்சி என்பது என்ன? அவர் எந்தெந்த ஆண்டுகளில் பெற்றார்?

ஸ்பெயின் லீக்கில் ஒரு பருவத்தில் அதிகக் கோல் அடித்தவருக்கு மாட்ரிடின் ‘மார்கா’ நாளிதழ் வழங்கும் விருது அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பில்பாவோவில் விளையாடிய ரஃபேல் மொரேனோ என்ற முன்கள வீரரின் செல்லப்பெயரே விருதின் பெயராயிற்று.

ஊகோ முதல் விருதை அட்லெடிகோ சட்டையில் பெற்றார் என்று மேலே சொன்னேன். சட்டை மாறிய முதல் ஆண்டிலேயே, 1985–86-இல், 22 கோல்களுடன் மீண்டும் பெற்றார். புதிய அணியோடு ஒத்துப்போக அவகாசம் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம். அவருக்கு அது தேவைப்படவில்லை. 1986–87-இல் லீக் முறையை மாற்றி, வழக்கமான சுற்றுகளுக்குப் பின் கூடுதலாக ஒரு பிரிவுச் சுற்றையும் வைத்தார்கள். அந்த நீண்ட பருவத்தில் 41 ஆட்டங்களில் 34 கோல்கள். 1987–88-இல் 29. இப்படித் தொடர்ந்து நான்கு விருதுகள். 1988–89-இல் அவர் 27 கோல்கள் அடித்தும், அட்லெடிகோவின் பிரேசில் வீரர் பால்தசார் 35 கோல்களுடன் முந்திக்கொண்டார். அடுத்த பருவத்தில் ஊகோ கொடுத்த பதில்தான் 38.

அந்த 38 கோல்களைப் பற்றி இவ்வளவு பேசுவது ஏன்?

முதலில் எண்ணிக்கை. பில்பாவோவின் தெல்மோ சாரா 1950–51-இல் அடித்த 38 கோல்கள் என்ற அளவை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக எவரும் எட்டவில்லை. ஊகோ 1989–90-இல் 35 ஆட்டங்களில் அதை எட்டினார். தற்காப்பு முறைகள் இறுகி, ஆட்டங்களில் கோல்கள் குறைந்திருந்த காலம் அது. அந்தப் பருவத்தில் ஜான் டோஷாக் பயிற்சியளித்த ரியல் மாட்ரிட் லீக்கில் அடித்த மொத்தக் கோல்கள் 107. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரே அடித்தார். பல்கேரியாவின் சி.எஸ்.கே.ஏ. சோபியா அணிக்காக அதே 38 கோல்களை அடித்த ஹிரிஸ்டோ ஸ்டாய்ச்கோவும் இவரும், ஐரோப்பிய லீக்குகளில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஸ்பெயினில் அந்த அளவு 2010–11-இல் கிறிஸ்டியானோ ரொனால்டோவால்தான் முறியடிக்கப்பட்டது.

எண்ணிக்கையை விடப் பெரிது, அவை அடிக்கப்பட்ட முறை. 38 கோல்களும் ஒரே தொடுதலில் அடிக்கப்பட்டவை. வந்த பந்தை நிறுத்தி, தட்டித் திருப்பி, ஓர் ஆளைக் கடந்து அடித்த கோல் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பெனால்டி உதைகளும் இந்தக் கணக்கில் அடக்கம். அவை இயல்பாகவே ஒரு தொடுதல்தான். அவற்றைத் தள்ளிவிட்டு எஞ்சியவற்றைப் பார்த்தாலும் வியப்பு குறைவதில்லை.

இதன் உள்ளியக்கத்தைச் சற்று விளக்க வேண்டும். பெனால்டி பகுதிக்குள் ஒரு முன்கள வீரர் பந்தை முதல் தொடுதலில் அடக்கி, இரண்டாம் தொடுதலில் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரு தொடுதல்களுக்கு இடைப்பட்ட அரை நொடியில் தடுப்பாளர் காலை நீட்டிவிடுகிறார். கோல்கீப்பர் தம் இரு கால்களையும் தரையில் ஊன்றிப் பாய்வதற்குத் தயாராகிவிடுகிறார். ஒரே தொடுதலில் அடிப்பவர் அந்த அரை நொடியை எதிராளியிடமிருந்து பறித்துக்கொள்கிறார். ஆனால் அதற்கு விலை உண்டு. பந்து காலுக்கு வந்தபின் யோசிக்க அவருக்கு நேரமில்லை. எந்தக் காலால், பாதத்தின் எந்தப் பகுதியால், எந்த மூலைக்கு என்பதையெல்லாம் பந்து காற்றில் இருக்கும்போதே முடிவு செய்து, உடலையும் அதற்கேற்ப நிறுத்தியிருக்க வேண்டும். எனவே ஊகோவின் உண்மையான ஆட்டம் பந்து வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். தடுப்பாளரின் பார்வைக்கு எட்டாத முதுகுப் பக்கத்தில் நிற்பார். இரண்டடி பின்வாங்குவது போலக் காட்டி, அருகிலிருக்கும் கோல் கம்பத்தை நோக்கிச் சட்டென்று முன்னேறுவார். அவருடைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோல் விழும் கணத்தைப் பார்க்காமல், அதற்கு மூன்று நொடி முன்பு அவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். அவர் உயரமானவர் அல்லர். தலையால் முட்டி இவ்வளவு கோல்கள் அடித்தது எப்படி என்ற கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

பந்தை அனுப்பியவர்களையும் மறக்கக் கூடாது. வலப்பக்கத்திலிருந்து மிச்செல் அனுப்பிய வளைபந்துகள் அளந்து வைத்தாற்போல் வந்து விழுந்தன. இடப்பக்கத்தில் கோர்தில்யோவும் மார்ட்டின் வாஸ்கெஸும் இருந்தார்கள். அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே அப்படி ஓர் ஒத்திசைவு இல்லாமல் ஒரே தொடுதலில் 38 கோல்கள் என்பது நடந்திருக்காது.

லொக்ரோன்யேஸ் அணிக்கு எதிரான கோல் எது?

1988 ஏப்ரல் 10, சாந்தியாகோ பெர்னபேயு திடல். இடப்பக்கத்திலிருந்து மார்ட்டின் வாஸ்கெஸ் அனுப்பிய பந்து ஊகோவுக்குச் சற்றுப் பின்னால், உயரமாக வந்தது. வேறு எவராக இருந்தாலும் அதை விட்டுவிடுவார் அல்லது தலையால் தட்டிப் பின்னால் தருவார். ஊகோ கோலுக்கு முதுகைக் காட்டியபடி எழும்பி, உடல் தரைக்கு இணையாகக் கிடக்க, பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி உதைக்கும் பைசிக்கிள் கிக் அடித்தார். பந்து வளைந்து மேல் மூலைக்குள் சென்றது. அரங்கமே எழுந்து வெள்ளைக் கைக்குட்டைகளை அசைத்துப் பாராட்டியது. ஸ்பெயினில் காளைப்போர் அரங்கிலிருந்து வந்த வழக்கம் அது. தலைகீழாகத் தொங்கும் அந்த நொடியில் தன் இடுப்பும் தோளும் எங்கே இருக்கின்றன என்பதை அறிந்திருப்பது, சகோதரியோடு ஜிம்னாஸ்டிக் பழகிய சிறுவனுக்கு வாய்த்த சொத்து. இந்த உதையை அவர் பலமுறை அடித்ததால் ரசிகர்கள் அதற்கு ‘ஊகினா’ என்று தனிப்பெயரே வைத்தார்கள்.

ரியல் மாட்ரிட் அவரோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றதா?

யு.ஈ.எஃப்.ஏ. கோப்பையை 1986-இல் வென்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் இன்டர் மிலான் அணியிடம் 1–3 என்று தோற்றபின், மாட்ரிடில் 5–1 என்று திருப்பி அடித்த இரவில் ஊகோ இரண்டு பெனால்டிகளைக் கோலாக்கினார். இறுதியில் ஜெர்மனியின் கோல்ன் அணியை முதல் ஆட்டத்தில் 5–1 என்று வீழ்த்தியதால், மறு ஆட்டத்தில் 0–2 என்று தோற்றும் கோப்பை மாட்ரிடுக்கே வந்தது.

பெரிய கோப்பையான ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை மட்டும் கிட்டவில்லை. எமிலியோ புத்ராகேன்யோ, மிச்செல், சான்சீஸ், மார்ட்டின் வாஸ்கெஸ், பார்தேசா ஆகிய ஐந்து உள்ளூர் இளைஞர்களைச் சுற்றி அமைந்த அந்த அணியை ஸ்பெயின் கொண்டாடியது. புத்ராகேன்யோவின் ‘கழுகு’ என்ற செல்லப்பெயராலேயே அந்தத் தலைமுறை முழுவதும் அழைக்கப்பட்டது. அந்த அணி 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அரையிறுதியில் வெளியேறியது. முதலில் பயர்ன் மியூனிக். அடுத்து பி.எஸ்.வி. ஐந்தோவன், மாட்ரிடில் 1–1, நெதர்லாந்தில் 0–0, வெளியிடத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதியால் தோல்வி. மூன்றாவது, அர்ரிகோ சாக்கியின் ஏ.சி. மிலான், முதல் ஆட்டத்தில் ஊகோ கோல் அடித்து 1–1, மிலானில் 0–5. அந்த 0–5 ஒரு தலைமுறையின் கனவை முடித்துவைத்தது என்று சொன்னால் மிகையாகாது. உள்நாட்டில் ஐந்து லீக் பட்டங்களும் 1989-இல் அரசர் கோப்பையும் வென்றதால் அந்த வலி ஆறிவிடவில்லை.

மெக்சிகோவுக்காக அவர் ஏன் அவ்வளவு சிறப்பாக ஆடவில்லை?

இந்தக் கேள்வி மெக்சிகோவிலேயே மிக அதிகமாகக் கேட்கப்படுகிறது. கேள்வியிலேயே ஓர் அநீதி இருப்பதாக நான் நினைக்கிறேன். தேசிய அணிக்காக 58 ஆட்டங்களில் 29 கோல்கள், அதாவது இரண்டு ஆட்டங்களுக்கு ஒன்று. சராசரி மோசமில்லை. குறைவாக இருப்பது ஆட்டங்களின் எண்ணிக்கை. உச்ச நிலையில் இருந்த ஆண்டுகளில் அவர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்தார். வெளிநாட்டில் ஆடுபவரைத் தேசிய அணியின் ஆட்டங்களுக்கெல்லாம் அழைத்து வருவது அக்காலத்தில் இன்று போல் ஒழுங்கான நடைமுறையாக இருக்கவில்லை.

ஆனாலும் ரசிகர்கள் கேட்பது உலகக் கோப்பையைப் பற்றித்தான். அங்கே அவர் கணக்கு எட்டு ஆட்டங்கள், ஒரு கோல். 1978-இல் அர்ஜென்டினாவுக்குச் சென்றபோது அவருக்கு வயது 19. துனிசியாவிடம் 1–3, மேற்கு ஜெர்மனியிடம் 0–6, போலந்திடம் 1–3 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்று மெக்சிகோ திரும்பியது. 1982 உலகக் கோப்பைக்கு மெக்சிகோ தகுதி பெறவேயில்லை. கண்டத்தின் இரு இடங்களையும் ஹோண்டுராஸும் எல் சல்வடோரும் எடுத்துக்கொண்டன.

1986-இல் சொந்த நாட்டில் என்ன நடந்தது?

அந்த ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையை நடத்தியது. ஸ்பெயினில் தொடர்ந்து இரண்டாம் பிச்சிச்சியை வென்று திரும்பிய ஊகோ மீது நாட்டின் எதிர்பார்ப்பு முழுவதும் குவிந்திருந்தது. முதல் ஆட்டத்தில் பெல்ஜியத்தை 2–1 என்று வென்றார்கள்; இரண்டாம் கோல் அவருடையது. அடுத்து அஸ்தெக்கா திடலில் பராகுவே. ஆட்டம் 1–1 என்று நிற்க, முடியும் தறுவாயில் மெக்சிகோவுக்குப் பெனால்டி கிடைத்தது. ஊகோ உதைத்தார், கோல்கீப்பர் ரொபெர்த்தோ ஃபெர்னாண்டெஸ் தடுத்துவிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடிய அரங்கம் அடங்கிப் போனது. இரண்டு மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால் ஈராக்குக்கு எதிரான மூன்றாம் ஆட்டத்தில் ஆட முடியவில்லை.

அந்தப் பெனால்டியால் மெக்சிகோ வெளியேறிவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிவில் முதலிடம் பெற்று, பல்கேரியாவை 2–0 என்று வென்று காலிறுதிக்குச் சென்றது. மான்தெர்ரேயில் மேற்கு ஜெர்மனியுடன் 120 நிமிடங்கள் கோலின்றி முடிய, பெனால்டி உதைகளில் 1–4 என்று தோற்றது. அந்த வரிசையில் மெக்சிகோவுக்காக உதைத்தவர்கள் நெக்ரேத்தே, கிரார்தே, செர்வின் ஆகிய மூவர். நெக்ரேத்தே மட்டுமே கோலாக்கினார். ஆனால் மக்கள் நினைவில் பராகுவே பெனால்டிதான் தங்கிவிட்டது. லீக்கில் எத்தனையோ பெனால்டிகளைத் தயக்கமின்றி வலைக்குள் அனுப்பியவர் அந்த ஒன்றில் தவறினார். ஒரு நாட்டின் நினைவு அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டது.

38 கோல்கள் அடித்த 1990-இல் உலகக் கோப்பையில் ஏன் ஆடவில்லை?

மெக்சிகோ அந்த உலகக் கோப்பையின் தகுதிச் சுற்றிலேயே கலந்துகொள்ள அனுமதிக்கப்படவில்லை. 1988-இல் குவாத்தமாலாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் கண்டப் போட்டியில், வயது வரம்பைக் கடந்த ஆட்டக்காரர்களைப் பொய்யான பிறந்த தேதிகளுடன் மெக்சிகோ களமிறக்கியது வெளிப்பட்டது. அத்தகைய வயது மோசடி ஆட்டக்காரர்களை மெக்சிகோவில் ‘கச்சிரூல்’ என்பார்கள். அதனால் இது கச்சிரூல் விவகாரம் என்றே அழைக்கப்படுகிறது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு மெக்சிகோவின் எல்லா அணிகளையும் சர்வதேசப் போட்டிகளிலிருந்து இரண்டு ஆண்டுகள் விலக்கியது. சியோல் ஒலிம்பிக்கும் இத்தாலி உலகக் கோப்பையும் போயின.

இந்த முறைகேட்டில் ஊகோவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அவர் மாட்ரிடில் கோல் அடித்துக்கொண்டிருந்தார். 31 வயதில், அனுபவமும் உடல்திறனும் ஒன்றாகக் கூடியிருந்த ஒரே உலகக் கோப்பை ஆண்டு அது. ஐரோப்பாவின் தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டவர் அந்தக் கோடையில் உலகக் கோப்பைக்கு வெளியே நின்றார். அவருடைய தேசிய அணிக் கணக்கை எடைபோடும் எவரும் இந்த ஓராண்டை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது.

1994-இல் பல்கேரியாவுக்கு எதிராக அவர் ஏன் இறக்கப்படவில்லை?

அமெரிக்காவில் நடந்த அந்தப் போட்டியில் ஊகோ நார்வேக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மட்டுமே ஆடினார். மெக்சிகோ 0–1 என்று தோற்றது. இரண்டாம் சுற்றில் பல்கேரியாவுடன் 1–1 என்று ஆட்டம் நீண்டபோது, அரங்கிலும் தொலைக்காட்சி முன்பும் இருந்த மெக்சிகோக்காரர்கள் ஊகோவை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். பயிற்சியாளர் மிகேல் மெஹியா பரோன் அவரை அழைக்கவில்லை. பெனால்டி உதைகளில் மெக்சிகோ தோற்றது. ஏற்கெனவே ஓர் ஆட்டக்காரர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியிருந்த நிலையில், 36-ஐ நெருங்கும் ஒருவரைக் கூடுதல் நேரத்தில் இறக்குவது சமநிலையைக் குலைக்கும் என்று பயிற்சியாளர் தரப்பில் வாதிட முடியும். ஆயினும் களைத்துப்போன தடுப்பாளர்களுக்கு நடுவே ஒரே ஒரு பந்தை எதிர்பார்த்து நிற்பதற்கு அவரைவிடத் தகுதியானவர் அந்த அணியில் எவரும் இல்லை. முப்பது ஆண்டுகள் கழிந்தும் மெக்சிகோவில் இந்த விவாதம் ஓயவில்லை.

ரியல் மாட்ரிடை விட்டு எப்போது விலகினார்? பிறகு எங்கெங்கே ஆடினார்?

1990–91 முதல் காயங்கள் மிகுந்தன. அந்தப் பருவத்தில் 19 லீக் ஆட்டங்கள், அடுத்ததில் எட்டு மட்டுமே. 1992-இல் விலகியபோது ரியல் மாட்ரிடுக்காக லீக்கில் 207 ஆட்டங்களில் 164 கோல்கள் அடித்திருந்தார். மெக்சிகோவின் ‘அமெரிக்கா’ என்ற கழக அணியில் ஓராண்டு. பின் மாட்ரிடின் சிறிய அணியான ராயோ வயேகானோவுக்காக 1993–94-இல் 29 ஆட்டங்களில் 16 கோல்கள். 35 வயதில், வலுக்குறைந்த அணியில், இந்த எண்ணிக்கை அவருடைய முறையின் உறுதிக்குச் சான்று. ஓட்டம் குறைந்தாலும் இடம் தேரும் கண் மங்கவில்லை. தொடர்ந்து அத்லாந்தே, ஆஸ்திரியாவின் எஃப்.சி. லின்ஸ், அமெரிக்க மேஜர் லீக்கின் முதல் பருவத்தில் டல்லாஸ் பர்ன் என்று சென்று, 1997-இல் மெக்சிகோவின் செலாயா அணியில் ஓய்வு பெற்றார். மாட்ரிடின் பழைய தோழர்களான புத்ராகேன்யோவும் மிச்செலும் அந்தச் சிறு நகர அணிக்கு அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள்.

போர்ஹெத்தி, சிச்சாரித்தோ ஆகியோர் மெக்சிகோவுக்காக இவரைவிட அதிகக் கோல் அடித்திருக்கிறார்களே?

அடித்திருக்கிறார்கள். ஹாரெத் போர்ஹெத்தி 46, ஹாவியர் ‘சிச்சாரித்தோ’ எர்னாண்டெஸ் 52. இருவரும் சிறந்த முன்கள வீரர்கள். சிச்சாரித்தோ மான்செஸ்டர் யுனைடெட் அணியில் கோல் அடித்த விதத்தில், அந்த ஒரே தொடுதலில், ஊகோவின் சாயல் தெளிவாகத் தெரியும். ஆனால் சிச்சாரித்தோவுக்குக் கிடைத்தவை 109 ஆட்டங்கள், ஊகோவுக்குக் கிடைத்தவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஐரோப்பாவின் முதல் வரிசை லீக் ஒன்றில் ஆண்டுக்கு ஆண்டு தலையாய கோல் வீரராக நின்ற மெக்சிகோ முன்கள வீரர் இவரைத் தவிர வேறு எவரும் இல்லை. மெக்சிகோவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற பொதுவான விவாதத்தில் தடுப்பாளர் ரஃபேல் மார்க்கெஸின் பெயர் நியாயமாகவே எழும். முன்கள வீரர் என்ற வரையறைக்குள் எனக்கு ஐயமில்லை.

பயிற்சியாளராக வெற்றி பெற்றாரா?

பூமாஸில் பெரும் வெற்றி. மற்ற இடங்களில் கலவையான விளைவு. மெக்சிகோவில் ஓர் ஆண்டுக்கு இரண்டு குறும்பருவங்கள் என்ற முறை வந்தபின், அடுத்தடுத்து இரண்டையும் வென்ற முதல் அணி 2004-இல் அவர் பயிற்சியளித்த பூமாஸ். 2006 இறுதியில் தேசிய அணியின் பொறுப்பு கிடைத்தது. முந்தைய பயிற்சியாளர் ரிக்கார்தோ லா வோல்பேயை ஆண்டுக்கணக்கில் வெளிப்படையாக விமர்சித்து வந்தவர் என்பதால், அதே கடுமையோடு அவரையும் எடைபோட்டார்கள். 2007-இல் வட, மத்திய அமெரிக்க நாடுகளுக்கான தங்கக் கோப்பையின் இறுதியில் அமெரிக்க நாட்டு அணியிடம் 1–2 என்று தோல்வி. அதே ஆண்டு தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான கோப்பா அமெரிக்காவில் பிரேசிலை 2–0 என்று வென்று மூன்றாம் இடம். 2008 மார்ச்சில் 23 வயதுக்கு உட்பட்டோர் அணி பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தவறியதும் பதவி போயிற்று. பின்னர் ஸ்பெயினின் அல்மேரியா அணியை ஏறக்குறைய ஓராண்டு பயிற்றுவித்தார்.

அவருடைய பயிற்சி வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நட்பு ஆட்டம். 2004 ஆகஸ்ட் 31 அன்று, சாந்தியாகோ பெர்னபேயு கோப்பைக்காகப் பூமாஸ் அணியை மாட்ரிடுக்கு அழைத்துச் சென்றார். எதிரே ஜிதான், ரொனால்டோ, ஃபீகோ காலத்து ரியல் மாட்ரிட். ஒரு காலத்தில் வெள்ளைக் கைக்குட்டைகள் தமக்காக அசைந்த அதே திடலில், தாம் படித்த பல்கலைக்கழகத்தின் அணியோடு எதிர்த்தரப்பு இருக்கையில் அவர் அமர்ந்திருந்தார். இஸ்ரேல் காஸ்த்ரோ அடித்த ஒரே கோலால் பூமாஸ் 1–0 என்று வென்று, கோப்பையை மெக்சிகோவுக்குக் கொண்டு சென்றது.